சிவப்புக் கிண்ணத்தில் ஒரு பச்சைப் பொட்டு

"இந்தப் பச்சைக்கு என்னம்மா போட்டீங்க?"

அய்யாக்கண்ணு கேட்ட முதல் கேள்வி அதுதான். வந்த வழியின் புழுதியை இன்னும் காலிலிருந்து தட்டவில்லை. அதற்குள் பலகை மேலிருந்த கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

சிவப்புக் கிண்ணம். மாதுளை முத்தை வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே ஒரு வெளிச்சம் தெரியுமே, அந்தச் சிவப்பு. அதன் வயிற்றில் ஓரிடத்தில் மட்டும், கட்டைவிரல் நுனி அளவுக்கு, ஒரு பச்சைப் பொட்டு.

லூர்தம்மாள் தரையில் உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுவா? அது நான்."

"கையெழுத்து மாதிரிங்களா?"

"அப்படியும் வெச்சுக்கலாம்."

"எதைத் தொட்டு வெச்சீங்க?"

"எதையும் தொடல."

அய்யாக்கண்ணு கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கைகள் முழங்கைவரை நீலமாக இருந்தன. அந்தக் கைகளுக்கு நடுவில் சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரிந்தது.

அவர் பண்ருட்டிப் பக்கத்துச் சாயக்காரர். அவுரிச் சாயம். அப்பா வைத்த தாழி அவருக்கு வந்தது. ஐம்பது வயது தாண்டும்வரை நீலத்தைத் தவிர வேறு நிறத்தை அவர் கையால் உண்டாக்கியதில்லை.

புதுச்சேரிக் கடைத்தெருவில் ஒரு நாள் வெற்றிலை வாங்கப் போனார். கடைக்காரர் பாக்கு போட்டு வைத்திருந்த கிண்ணம் சிவப்பாக இருந்தது. அன்று வெற்றிலை வாங்காமல் வீட்டுக்கு வந்தார்.

"மண்ணு எப்படி அவ்வளவு செவக்கும்?" என்று பெண்டாட்டியிடம் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அஞ்சலை.

மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார்.

"செஞ்சவங்க கிட்ட போய்க் கேளுங்க, சாமி," என்றாள் அவள். "வெயில் காலம்தானே, தாழியை நான் பார்த்துக்கறேன். மழைக்கு முந்தி வந்துடணும். ஈரக்காத்துல அது எனக்கு அடங்காது."

அவுரித் தாழி உயிருள்ள சாமான். வெல்லமும் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் போட்டு வளர்ப்பது. குளிர் ஏறினால் செத்துப்போகும். அது செத்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

மழைக்கு முந்தி வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

"எனக்குக் கத்துக் குடுங்கம்மா," என்றார் இப்போது.

"நான் உங்களவிடச் சின்னவ."

"நெருப்பு?"

லூர்தம்மாள் சிரித்தார். "அது பெரிசுதான். சரி, அந்தக் கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டு மண்ணை மிதிங்க, பெரியவரே."

*

அந்தக் காலத்தில் மண்ணுக்குக் கண்ணாடித் தோல் போடுவது என்றால் ஊறுகாய் ஜாடிதான். அதைத் தொழிற்சாலையில் செய்தார்கள். வெள்ளை உடம்பு, பழுப்புக் கழுத்து. ஆயிரம் ஜாடிக்கும் ஒரே முகம்.

லூர்தம்மாளின் கொட்டகையில் நடந்தது வேறு. கடலோரம், சவுக்குத் தோப்புக்கு நடுவில், ஒரு பெல்ஜியத்து அம்மா கட்டி வைத்துவிட்டுப் போன சூளை. அந்த அம்மாவிடம் வீட்டு வேலைக்குப் போன லூர்தம்மாள் சூளை வேலைக்கு மாறினார். அந்த அம்மா ஊருக்குப் போனதும் சூளை இவருக்கு நின்றது.

எதைக் கண்டாலும் எரித்துச் சாம்பலாக்கி, அரைத்து, கரைத்து, மண் மேல் பூசி நெருப்பில் வைத்துப் பார்ப்பார். சவுக்கு, தென்னை மட்டை, உமி, முருங்கைக் கட்டை. உருகிப் படிந்தால் அதுதான் மெருகு. சோதித்துப் பார்த்த மண் வில்லைகளைக் கயிற்றில் கோத்துக் கொட்டகை முழுக்கத் தொங்கவிட்டிருந்தார். கடற்காற்று வந்தால் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும்.

ஊர் சிரித்தது. "சோறும் தின்ன முடியாது, ஊறுகாயும் போட முடியாது. கலர் பார்க்க ஒரு சட்டி."

அய்யாக்கண்ணு சிரிக்கவில்லை. ஒவ்வொரு வில்லையாகத் தூக்கிப் பார்த்துக் கேட்டார். இது எதனால்? அது எதனால்?

லூர்தம்மாள் எதையும் மறைக்கவில்லை. சிவப்புக்கு இன்னதென்று முதல் வாரமே சொல்லிவிட்டார். சவுக்குச் சாம்பல், கிளிஞ்சல் சுண்ணாம்பு, வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் படிகக்கல்லின் பொடி, வெள்ளைக் களிமண். கடைசியில் ஒரு கிள்ளு செம்புத் துரு.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். முதல்ல நல்லா எரியவிடணும். சிவந்து வர்ற நேரத்துல அடுப்பு வாயை ஒடுக்கிப் புகையில வேகவிடணும்."

ஒரே வாளியில் கரைத்தார்கள். லூர்தம்மாள் சூளை வைத்தார். சிவப்பு வந்தது.

அதே வாளி, அதே சூளை. அய்யாக்கண்ணு வைத்தார்.

பச்சை வந்தது.

மறுபடி வைத்தார். மறுபடி பச்சை. பாசி பிடித்த குளத்துப் படி மாதிரி.

விறகு பிளக்க வரும் தனக்கோடி கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"அண்ணே, உங்க கை நீலம். சூளைக்குக் குழப்பமா இருக்கும்."

"நெருப்புக்குக் கை தெரியுமா?"

"எனக்குத் தெரியுதே."

*

லூர்தம்மாள் சூளை வைக்கும் விதம் அய்யாக்கண்ணுக்குப் புரியவில்லை. விறகைத் தள்ளுவார். பிறகு சூளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கருவாடு ஆய்வார். எப்போதாவது மூக்கைத் தூக்கி வாசம் பிடிப்பார். எழுந்து இன்னும் இரண்டு கட்டையைத் தள்ளுவார். மறுபடி முதுகு.

"ஏம்மா அதுக்கு முதுகைக் காட்டறீங்க?"

"முன்னாடி கடல் இருக்கே."

அய்யாக்கண்ணு யோசித்தார். அடுத்த முறை தானும் கருவாடு வாங்கி வந்து சூளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

தனக்கோடி மோர் குடித்துக்கொண்டே சொன்னாள்: "கலர் வருதோ இல்லியோ, இன்னிக்குக் கொழம்பு நிச்சயம்."

ஆனால் அவரால் நிலைகொள்ள முடியவில்லை. ஒரு கருவாட்டின் தலையைக் கிள்ளுவார், எழுந்துவிடுவார்.

சூளையின் இடுப்பளவில் ஒரு துளை உண்டு. களிமண் அடைப்பு வைத்து மூடியிருக்கும். துளைக்கு நேர் உள்ளே, மெருகு பூசிய சின்ன மண் வளையங்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அடைப்பை எடுத்து, கொக்கிக் கம்பியை விட்டு, ஒரு வளையத்தை வெளியே இழுத்து ஆறவைத்துப் பார்ப்பார்கள். மெருகு உருகிவிட்டதா, நிறம் வந்ததா என்று தெரிந்துகொள்ள எல்லாச் சூளைக்காரர்களும் செய்வதுதான். கம்பியே அந்தப் பெல்ஜியத்து அம்மாவுடையதுதான். ஆணியில் துருப்பிடித்துத் தொங்கியதை அய்யாக்கண்ணுதான் தேய்த்து எடுத்தார்.

முதல் சூளை வைத்த அன்றே அவர் கேட்டிருந்தார்: "நீங்க வளையம் இழுக்கறதில்லையாம்மா?"

"இல்ல."

"நான் இழுக்கலாமா?"

"நீங்க வைக்கிற சூளை. உங்க இஷ்டம்."

இழுத்தார். வளையம் பச்சை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றை இழுத்தார். அதுவும் பச்சை. துளை வழியே ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். உள்ளே எல்லாம் ஒரே தங்கமாகத்தான் தெரிந்தது. இன்னும் பார்த்தார். மறுபடி வளையம் இழுத்தார்.

சூளை ஆறித் திறந்தபோது, வளையங்கள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. பிறகு வைத்த சூளைகளிலும் அப்படியே.

*

பலகை மேலிருந்த அந்தக் கிண்ணம்தான் அவரைத் தூங்கவிடவில்லை.

ஒரு காலையில் மண் பிசைந்துகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"தனக்கோடி, நான் கண்டுபிடிச்சுட்டேன்."

"என்னத்த?"

"செம்புல பச்சையும் இருக்கு, செவப்பும் இருக்கு. அந்தப் பொட்டு இருக்கு பாரு, அது பாம்பு விஷத்தை உறிஞ்சற விஷக்கல் மாதிரி. கிண்ணத்துல இருந்த பச்சை எல்லாத்தையும் அந்த ஒரு எடத்துக்கு இழுத்துக்கிச்சு. மிச்சம் செவப்பாயிடுச்சு."

"அப்ப அந்தக் கல்லு எது?"

"அதைத்தான் தேடணும்."

தேடினார். கிண்ணத்தின் வயிற்றில் மஞ்சள் பொட்டு வைத்தார். படிகாரம் வைத்தார். மயில்துத்தம், கல்லுப்பு, புளி. ஒரு தடவை வெற்றிலைச் சாறு. கடைசியில் தன் ஊரிலிருந்து அவுரிக் கட்டி தருவித்து, ஒரு சொட்டு நீலமும் வைத்துப் பார்த்தார்.

எல்லாம் கறுத்து வந்தன. பச்சைக் கிண்ணத்தில் கறுப்புப் பொட்டு.

"திருஷ்டிக்கு ஆச்சு," என்றாள் தனக்கோடி.

அவர் லூர்தம்மாளிடம் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, அந்தப் பொட்டு எதுல வந்ததுன்னு மட்டும் சொல்லிடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"மொத நாளே சொன்னேனே."

"அது நான்னு சொன்னீங்க."

"ஆமா."

"அது பதிலா?"

"வேற பதில் இருந்தாச் சொல்லமாட்டேனா, பெரியவரே?"

*

பண்ருட்டி பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து, கொட்டகை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

"உங்க வீட்ல சொல்லச் சொன்னாங்க. கெழக்க மேகம் கட்டுதாம். தாழி வாசம் மாறுதாம். இந்த வாரம் வரலேன்னா அதைக் கவுத்துட்டு அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவாங்களாம்."

அய்யாக்கண்ணு வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு சூளை வெச்சுட்டுப் போயிடறேம்மா," என்றார்.

"வைங்க. நான் ஒரு கட்டைகூடத் தொடமாட்டேன்."

அன்று சாயங்காலம் கிண்ணங்களை அடுக்கினார். ஒன்றிலும் பொட்டு வைக்கவில்லை. வைக்க எதுவும் மிச்சமில்லை. பக்கத்தில் லூர்தம்மாள் கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தாழியை உங்க வீட்டம்மா எப்படிப் பார்த்துக்கறாங்க?"

"மூடி வெச்சிருப்பா."

"மூடி வெச்சுட்டா உள்ள எப்படி இருக்குன்னு எப்படித் தெரியும்?"

அய்யாக்கண்ணு சிரித்துவிட்டார். பல நாளைக்குப் பிறகு, தனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்கிறார்.

"தாழியைத் தெறந்து தெறந்து பார்க்கக்கூடாதும்மா. காத்து பூந்துடும். மோந்து பார்க்கணும். மூடி மேல காதை வைக்கணும், நொரைக்கிற சத்தம் கேக்கும். எங்கப்பா கண்ணு தெரியாம போனப்பறம்கூட ஏழெட்டு வருஷம் தாழி வெச்சாரு."

"அப்படியா."

"துணி தாழிக்குள்ள இருக்கற வரைக்கும் நீலமே கெடையாது, தெரியுமா? பச்சையா, மஞ்சளா, எலை மாதிரி வரும். தூக்கி இப்படிக் காத்துல புடிப்போம். கண்ணு முன்னாடியே நீலமாகும். பார்க்கறவங்க நாங்க சாயம் போட்டோம்னு நெனைப்பாங்க. சாயம் போடறது காத்துதான்."

"அப்படியா," என்றார் லூர்தம்மாள் மறுபடியும். கூடையை வைத்துவிட்டுப் போனார்.

*

விடிந்ததும் நெருப்பு வைத்தார்.

உச்சிவேளை தாண்டிச் சூளை சிவந்தது. அடுப்பு வாயை ஒடுக்கினார். புகைபோக்கியில் கறுப்புப் புகை எழும்பியது. கிழக்கே மேகமும் அதே நிறத்தில் இருந்தது.

லூர்தம்மாள் வழக்கமான இடத்தில் கருவாட்டோடு உட்கார்ந்தார். தனக்கோடி விறகுக் கட்டின் மேல்.

அய்யாக்கண்ணு அடைப்பை எடுத்து உள்ளே பார்த்தார். ஒரே தங்கம். கம்பியை விட்டு ஒரு வளையத்தை இழுத்தார்.

பச்சை.

"என்னண்ணே?"

"பச்சை."

"போவட்டும். பச்சையும் ஒரு கலருதானே."

அவர் நிலைகொள்ளாமல் இரண்டு சுற்று நடந்தார். மறுபடி அடைப்பை எடுத்தார். மறுபடி ஒரு வளையம்.

கம்பியின் நுனியில் வளையம் தணல் மாதிரி வந்தது. சீக்கிரம் ஆறட்டும் என்று கையை நீட்டி, கடற்காற்றுக்கு நேராக அதைத் தூக்கிப் பிடித்தார்.

பிடித்தவர் அப்படியே நின்றார்.

கைக்கு அந்த நிலை தெரிந்திருந்தது. சின்ன வயதிலிருந்து செய்தது. தாழியிலிருந்து துணியைத் தூக்குவது, கையை நீட்டுவது, காற்றில் பிடிப்பது.

வளையத்தில் தணல் அடங்கியது. கண் முன்னாலேயே பச்சை ஏறியது.

அவர் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய சீட்டி மாதிரி. இத்தனை நாளும் அது காதில் விழுந்துதான் இருந்தது, ஆனால் கேட்டதில்லை. திரும்பினார். துளை திறந்திருந்தது. சூளை அதன் வழியே காற்றை உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அய்யாக்கண்ணு கம்பியைக் கீழே போட்டார். அடைப்பை எடுத்துத் துளையில் அழுத்தினார். கை சுட்டது. ஈரக் களிமண்ணை வாரி அதன் மேல் அப்பி, விளிம்பு தெரியாமல் தேய்த்தார்.

"அண்ணே, உள்ள இன்னும் வளையம் கெடக்கே?"

"கெடக்கட்டும்."

"பார்க்க வேணாமா?"

"வேணாம். பார்த்தாக் காத்து பூந்துடும்."

வந்து லூர்தம்மாளுக்குப் பக்கத்தில், சூளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் முறத்திலிருந்த கருவாட்டில் பாதியை இவர் பக்கம் தள்ளினார்.

எதிரில் கடல் இருந்தது.

முதுகில் சூடு தெரிந்தது. சூளை மூச்சு விடும் சத்தம் காதில் விழுந்தது. புகையின் வாசம் முதலில் காரமாக இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இனித்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து நரம்பு இழுத்தது. ஒரு கருவாட்டின் தலையைக் கிள்ளினார். இன்னொன்றின் தலையைக் கிள்ளினார்.

வெயில் சாயும் நேரத்தில் மூக்கைத் தூக்கினார். லூர்தம்மாளும் அதே நேரத்தில் மூக்கைத் தூக்கினார்.

அய்யாக்கண்ணு எழுந்து போய் அடுப்பு வாயை முழுக்க அடைத்தார்.

*

சூளை ஆற இரண்டு நாளாகும். மறுநாள் காலையிலேயே தூறல் விழுந்தது.

அய்யாக்கண்ணு துணி மூட்டையைக் கட்டினார். போகும்போது சூளையின் பக்கம் ஒருமுறை நின்றார். செங்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். இன்னும் சூடு.

"இருந்து பார்த்துட்டுப் போங்களேன்," என்றாள் தனக்கோடி. "செவப்பா, பச்சையா? தெரியாம ஊருக்குப் போய் எப்படிச் சோறு எறங்கும்?"

"எறங்காதுதான்."

"பின்ன?"

"தாழி தாங்காது, தனக்கோடி."

லூர்தம்மாள் ஓலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். "ஆஞ்சது. வீட்டம்மாக்கு."

பஸ் கிளம்பியது. அய்யாக்கண்ணு சவுக்குத் தோப்பு மறையும்வரை ஜன்னல் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் கழுத்தில் சுளுக்கா என்று கேட்டார்.

*

தாழி பிழைத்தது. அடை மழை முழுக்க அதைச் சுற்றி உமி மூட்டம் போட்டு, சாக்கு சுற்றி, வாசம் பிடித்து, காது வைத்துக் காப்பாற்றினார்.

"அங்க என்னதான் கத்துக்கிட்டீங்க?" என்று அஞ்சலை கேட்பாள்.

"கருவாடு ஆய."

தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வார். செவப்பா? பச்சையா?

மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில், அவர் தாழிக்குப் பக்கத்தில் நின்று துணி முக்கிக்கொண்டிருந்தபோது, கண்டக்டர் வைக்கோல் சுற்றிய ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"லூர்தம்மா குடுத்தாங்க. துளைக்குப் பக்கத்துல இருந்ததுன்னு சொல்லச் சொன்னாங்க."

அய்யாக்கண்ணு துணியை அப்படியே விட்டார். கையைத் துடைக்கவில்லை. வைக்கோலைப் பிரித்தார்.

சிவப்பு.

அஞ்சலை பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கி, வெயிலில் மெல்லத் திருப்பினாள்.

அதன் வயிற்றில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பச்சைப் பொட்டு இருந்தது. அவள் அதைத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"கறையா?"

"இல்ல."

"பின்ன என்ன இது?"

அய்யாக்கண்ணு அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவா?" என்றார். "அது நான்."

அஞ்சலை அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. மொதல்ல தாழியை மூடுங்க," என்றாள். "காத்து பூந்துட்டு இருக்கு."